பேதி மாத்திரையும் கார்பாலிக் சோப்பும்: விக்டோரியா காலத்துப் பேட்டன்ட் மருந்துகள், ஓர் எளிய அறிமுகம்

உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர், ஈனோ, பியர்ஸ் சோப்பு, லைஃப்பாய். நம் ஊர் மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் இன்றைக்கும் கேட்டால் கிடைக்கிற இந்த நான்குமே விக்டோரியா ராணி காலத்து பிரிட்டனில் கடை அலமாரியில் இருந்தவை. அவர் அரியணையில் இருந்தது 1837 முதல் 1901 வரை. இவற்றோடு அதே அலமாரியில் நின்ற எத்தனையோ மாத்திரைகள், சிரப்புகள், களிம்புகள், சோப்புகள் இன்றைக்குப் பழைய பத்திரிகை விளம்பரங்களில் மட்டும்தான் மிச்சம். அந்த விளம்பரங்களைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். ஒரே மாத்திரை தலைவலி, மூட்டுவலி, வாயு, பசியின்மை, கெட்ட கனவு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எழுதியிருக்கும். கெட்ட கனவு நான் சேர்த்ததில்லை, பீச்சம் மாத்திரை விளம்பரத்தில் அப்படியே இருந்தது.

ஆனால் வாங்கியவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று முடிவுகட்டிவிட்டால் இந்த வியாபாரம் புரியாமலே போய்விடும். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை சாப்பிட்டவர் உடம்பில் ஏதோ ஒன்றைச் செய்தன. அந்த ‘ஏதோ ஒன்று’ நோயைக் குணப்படுத்தியதா என்பது வேறு கேள்வி. உடம்பில் தெரிகிற விளைவுக்கும் குணமாவதற்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில்தான் பெரும் பணம் சம்பாதித்தார்கள்.

முதலில் பேட்டன்ட் மருந்து என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். டாக்டர் சீட்டு இல்லாமல், ஒரு வியாபாரப் பெயரில், அடைத்த டப்பாவிலோ பாட்டிலிலோ விற்கும் மருந்து. உள்ளே என்ன இருக்கிறது என்பது ரகசியம். எப்படிச் சாப்பிடுவது, எந்தெந்த நோய்க்குக் கேட்கும் என்பதெல்லாம் கூடவே அச்சிட்ட தாளில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டன்டே கிடையாது. பேட்டன்ட் வாங்க வேண்டுமென்றால் செய்முறையை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், சில ஆண்டுகள் கழித்து அது ஊர்ச் சொத்தாகிவிடும். எந்த வியாபாரி அதற்குச் சம்மதிப்பார்? செய்முறையைப் பூட்டி வைத்துக்கொண்டு பெயரை மட்டும் காப்பாற்றினார்கள். பிரிட்டனில் வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1875-இல் வந்தபோது அவர்களுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. மறு ஆண்டே, 1876-இல், நாட்டிங்ஹாம் மருந்து வியாபாரி வில்லியம் உட்வர்ட் ‘கிரைப் வாட்டர்’ என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டார்.

பீச்சம் பெட்டியின் கணக்கு

ஒரே ஒரு மருந்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் மற்றவை தானாகப் புரியும். தாமஸ் பீச்சம் 1820-இல் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் பிறந்தவர். சின்ன வயதில் ஆடு மேய்த்தார். மூலிகை பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, சந்தை சந்தையாகப் போய் மாத்திரை விற்றார். 1850களின் இறுதியில் லங்காஷயரில் செயின்ட் ஹெலன்ஸ் என்ற தொழில் நகரத்தில் கடை போட்டார். 1859-இல் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்’ என்ற அவருடைய வாசகம் இங்கிலாந்து முழுக்கப் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

கினி என்றால் 21 ஷில்லிங். பெட்டியின் விலையோ ஒரு ஷில்லிங்கும் ஒன்றரைப் பென்னியும். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. அதாவது பதின்மூன்றரைப் பென்னிக்கு வாங்கு, 252 பென்னி மதிப்பை எடுத்துப் போ என்கிறார். மலிவு போலத் தோன்றும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஒரு விவசாயக் கூலிக்காரருக்கு வாரம் பத்து ஷில்லிங் வாக்கில்தான் கூலி. அவருக்கு ஒரு பெட்டி மாத்திரை வாரக் கூலியில் பத்தில் ஒரு பங்கு.

உள்ளே என்ன இருந்தது? 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கடையில் விற்ற ரகசிய மருந்துகளை வாங்கி, ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து, முடிவுகளைப் புத்தகமாகப் போட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தவை மூன்று: மூசாம்பரம், இஞ்சித் தூள், சோப்பு. மூசாம்பரம் என்பது கற்றாழை இனச் செடியின் பாலை உலர்த்தி எடுக்கும் கட்டி. அது கடுமையான பேதி மருந்து. வயிற்றைப் பிடித்து இழுக்கும் அதன் குணத்தை இஞ்சி கொஞ்சம் தணிக்கும். சோப்பு தூளை உருண்டையாகப் பிடித்து வைக்கும். ஆமாம், மாத்திரைக்குள் சோப்பு. அந்தக் காலத்தில் மாத்திரை உருட்ட அது வழக்கமான சேர்மானம்தான். மருந்துக்குள் சோப்பும் சோப்புக்குள் மருந்தும் போட்ட காலம் அது.

ஒரு பெட்டியில் 56 மாத்திரைகள். அத்தனைக்கும் மூலப்பொருள் செலவு சுமார் அரை ஃபார்திங் என்று சங்கம் கணக்கிட்டது. ஒரு பென்னியில் கால் பங்கு ஒரு ஃபார்திங். அப்படியானால் அரை ஃபார்திங் என்பது பென்னியில் எட்டில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், விலை மூலப்பொருள் செலவைப் போல 108 மடங்கு. மாத்திரை உருட்டும் கூலி, டப்பா, கடைக்காரர் பங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக விளம்பரம், இவை போகத்தான் லாபம். ஆனாலும் 108 மடங்கு.

அந்த விலையில் வாலாகத் தொங்குகிற ஒன்றரைப் பென்னி எங்கிருந்து வந்தது? அது அரசாங்கத்தின் பங்கு. 1783 முதலே இந்த மாதிரி மருந்துகளுக்கு பிரிட்டனில் முத்திரை வரி இருந்தது. ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு ஒன்றரைப் பென்னி வரி. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு டப்பாவின் மேலும் அரசாங்க முத்திரைத் தாளை ஒட்டுவார்கள். டப்பாவைத் திறந்தால் அது கிழியும். பழைய விளம்பரங்களில் 1 ஷில்லிங் 1½ பென்னி, 2 ஷில்லிங் 9 பென்னி, 4 ஷில்லிங் 6 பென்னி என்ற மூன்று விலைகளும் திரும்பத் திரும்ப வருவது இந்த வரிப் படிகளால்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பீச்சம் பெட்டியில் மருந்துக்கு ஆன செலவைப் போலப் பன்னிரண்டு மடங்கு அரசாங்கத்துக்கு வரியாகப் போனது. கஜானாவுக்கு இப்படி வருமானம் வரும்போது இந்த வியாபாரத்தை ஒழிக்க யாருக்கு அவசரம்? இன்னொன்று, அரசாங்க முத்திரை ஒட்டிய டப்பாவைப் பார்த்த சாதாரண மனிதர் அதை அரசாங்கமே பரிசோதித்துச் சான்று கொடுத்த மருந்து என்று நினைத்தார். நினைக்கட்டும் என்றுதான் வியாபாரிகளும் விட்டார்கள். ‘அரசு முத்திரை இல்லாதது போலி’ என்று விளம்பரத்தில் எச்சரிக்கையும் போட்டார்கள். இந்த முத்திரை அரசாங்க உத்தரவாதம் ஆகாது என்று முத்திரையிலேயே அச்சிடும் நிலை பின்னால் வந்தது.

ஏன் வாங்கினார்கள்?

பேதி மாத்திரை சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வேலை தெரியும். மலச்சிக்கலால் வந்த தலைவலியும் மந்தமும் உண்மையிலேயே போகும். ரொட்டி, உருளைக்கிழங்கு, டீ என்று வாழ்ந்த தொழிற்சாலை நகர மக்களுக்கு மலச்சிக்கல் பெரிய தொந்தரவு. ஆக, மாத்திரை ஒரு குறையைத் தீர்த்தது. அதை வைத்துக்கொண்டு மற்ற நாற்பது குறைகளையும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டது. ஜலதோஷம், முதுகுவலி, லேசான காய்ச்சல் போன்றவை நாலைந்து நாளில் தானாகவே அடங்கும். அந்த நாலைந்து நாளில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான்.

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்பதற்கு ஒரு தத்துவமும் தயாராக இருந்தது. ஜேம்ஸ் மாரிசன் என்பவர் 1825-இல் இருந்து ‘தாவர மாத்திரை’ விற்றார். ரத்தம் கெடுவதுதான் எல்லா நோய்க்கும் காரணம், வயிற்றைக் கழுவினால் ரத்தம் சுத்தமாகும் என்பது அவர் கட்சி. லண்டனில் ‘பிரிட்டிஷ் ஆரோக்கியக் கல்லூரி’ என்று பெயர்ப் பலகை மாட்டிய கட்டடமே வைத்திருந்தார். டாக்டர்கள் அவரை வெறுத்தார்கள், அவரும் டாக்டர்களை வெறுத்தார். குணமாகவில்லை என்றால் இன்னும் அதிகமாகச் சாப்பிடு என்பதுதான் அவருடைய பதில். தாவரம்தானே, என்ன செய்யும் என்று அளவில்லாமல் விழுங்கிச் செத்தவர்கள் உண்டு. மாரிசனின் மாத்திரையில் இருந்த கேம்போஜ் என்ற மரப்பிசினும் தாவரப் பொருள்தான், ஆனால் குடலைக் கிழிக்கிற பேதி மருந்து. மாத்திரை சாப்பிட்டவர் உடம்பில் காய்கறிச் செடி முளைப்பது போலக் கேலிச்சித்திரங்கள் அன்றைக்கே வந்தன.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்கலாம். காசு வேண்டும். அதைவிட முக்கியம், விக்டோரியா காலத்தின் முதல் பாதியில் டாக்டர் கையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. அவரும் ரத்தம் எடுப்பார், பாதரச உப்பைக் கொடுப்பார், அபின் கொடுப்பார், அதே மூசாம்பரத்தைக் கொடுப்பார், சீட்டை லத்தீனில் எழுதுவார். வியாபாரி மட்டும்தான் ரகசியம் வைத்தார் என்று சொல்வது நியாயமில்லை. 1832-இலும் 1848-இலும் பிரிட்டனில் வாந்திபேதி பரவியபோது டாக்டர்களே கை பிசைந்துகொண்டு நின்றார்கள். அந்த நிலையில் ஒரு ஷில்லிங் சொச்சத்துக்குத் தெம்பாகப் பேசும் ஒரு டப்பா கிடைத்தால் யார்தான் வாங்கமாட்டார்கள்?

அப்புறம் பத்திரிகை. பிரிட்டனில் விளம்பரங்கள் மீது இருந்த வரி 1853-இல் போனது. பத்திரிகை முத்திரை வரி 1855-இல் போனது. காகித வரி 1861-இல். பத்திரிகை மலிவானது, படிப்பவர் கூடினர், பத்திரிகைக்கு விளம்பரக் காசு தேவைப்பட்டது. காசு வைத்திருந்தவர் மருந்து வியாபாரி. தாமஸ் ஹாலோவே என்பவர் மாத்திரையும் களிம்பும் விற்றுப் பெரும் பணக்காரரானவர். 1842-இல் விளம்பரத்துக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு செலவழித்தார். 1883-இல் அவர் சாகும்போது அது 50,000 பவுண்டு வாக்கில் இருந்தது. பல மொழிகளில் உபயோகக் குறிப்பு அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பினார். மிஞ்சிய பணத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்டினார். 1886-இல் விக்டோரியா ராணியே வந்து திறந்து வைத்தார். லண்டனுக்கு வெளியே ஈகமில் செங்கல் அரண்மனை போல நிற்கும் ராயல் ஹாலோவே கல்லூரி அதுதான்.

குழந்தையைத் தூங்க வைத்த பாட்டில்

மலச்சிக்கல் மாத்திரை வரை சிரிக்கலாம். அபின் சிரப்புக்கு வந்தால் சிரிக்க முடியாது.

காட்ஃப்ரேஸ் கார்டியல் என்று ஒரு இனிப்பு மருந்து. வெல்லப்பாகும் வாசனைப் பட்டையும் அபினும் கலந்தது. குழந்தைக்கு வயிற்றுவலி, பல் முளைக்கும் வேதனை, தூக்கமின்மை என்று எதற்கும் கொடுப்பார்கள். நெசவாலை நகரங்களில் பெண்கள் விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை அக்கம்பக்கத்தில் ஒரு கிழவியிடமோ எட்டு வயதுச் சிறுமியிடமோ விட்டுப் போவார்கள். அழாமல் இருக்க இரண்டு சொட்டு. குழந்தை தூங்கும், தூங்கினால் பால் கேட்காது, கேட்காததால் இளைக்கும். அபின் நேரடியாகக் கொன்ற குழந்தைகள் உண்டு. அதைவிடப் பட்டினியாலும் வாடலாலும் மெதுவாகப் போன குழந்தைகள் உண்டு, அவை அபின் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் கைப்பக்குவத்தில் இதைக் கலக்கியதால் ஒரு கடைச் சரக்கும் மறு கடைச் சரக்கும் ஒரே வீரியத்தில் இருக்காது. பழகிய கடையை மாற்றினாலே ஆபத்து.

அமெரிக்காவிலிருந்து வந்த மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்பில் மார்ஃபின் இருந்தது. தாய் ஒருத்தி குழந்தைகளோடு கட்டிலில் கொஞ்சிக்கொண்டிருக்கும் அழகான வண்ணப்படங்களை அதன் விளம்பர அட்டைகளில் அச்சிட்டார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1911-இல் இதைக் ‘குழந்தைக் கொல்லி’ வரிசையில் சேர்த்தது. பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பவுடர்களில் பாதரச உப்பு இருந்தது. கை கால் சிவந்து, உரிந்து, ஓயாமல் அழும் ஒரு குழந்தை நோய்க்கு அதுதான் காரணம் என்று தெரியவே 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. 1950களில் பவுடர்களிலிருந்து பாதரசத்தை எடுத்ததும் அந்த நோயும் கிட்டத்தட்ட மறைந்துபோனது.

அதே வரிசையில் வந்த உட்வர்ட் கிரைப் வாட்டர் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. 1851-இல் நாட்டிங்ஹாமில் பிறந்த அதில் அபின் இல்லை. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கொஞ்சம் ஆல்கஹால், அவ்வளவுதான். அந்த ஆல்கஹாலை பிரிட்டனில் 1990களில்தான் எடுத்தார்கள். பாட்டி அம்மாவுக்குச் சொன்னது, அம்மா மகளுக்குச் சொன்னது என்று விளம்பரம் செய்யும் உத்தி அவர்களுக்கு அந்த நாளிலிருந்தே உண்டு. தொலைக்காட்சியில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சிபாரிசு செய்யும் விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள இன்னொரு மருந்து குளோரோடைன். ஜான் காலிஸ் பிரவுன் இந்தியாவில் பணியாற்றிய ராணுவ டாக்டர். வாந்திபேதிக்கு என்று 1848 வாக்கில் இதை உருவாக்கினார். அபின் சாரம், கஞ்சாச் சாரம், குளோரோஃபார்ம் மூன்றும் சேர்ந்தது. அபின் குடல் அசைவைக் கட்டிப்போடும், அதனால் பேதி நிற்கும். வலி, பதற்றம், இருமல் எல்லாம் அடங்கும். உடம்பில் தெரியும் விளைவு என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வாந்திபேதியில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் போவது. அதை ஈடுகட்ட இந்த பாட்டிலில் ஒன்றும் இல்லை. சாதாரண வயிற்றுப்போக்குக்கு நன்றாகக் கேட்டதால் வெள்ளைக்காரர் பெட்டிகளில் தவறாமல் இடம்பிடித்தது, பலரை அடிமையாக்கியும் வைத்தது. 1868-இல் வந்த மருந்தகச் சட்டம் அபின் போன்ற விஷங்களை யார் விற்கலாம், எப்படி லேபிள் ஒட்ட வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. பேட்டன்ட் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு! வெறும் அபின் வாங்கினால் விஷம் என்ற லேபிள், அதே அபின் வியாபாரப் பெயரோடு வந்தால் லேபிள் இல்லை. 1890களில் வழக்குப் போட்டுத்தான் இந்த ஓட்டையை ஓரளவுக்கு அடைத்தார்கள்.

எல்லாமே மோசம் என்றும் சொல்லிவிடக்கூடாது. வெளிறிய மனிதர்களுக்கான டாக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரை என்று கனடாவிலிருந்து ஒன்று வந்தது. அதன் உரிமையை ஜார்ஜ் ஃபுல்ஃபோர்ட் என்பவர் 1890-இல் 53 டாலர் சொச்சத்துக்கு வாங்கி உலகம் முழுக்க விற்றார். அதில் இருந்தது இரும்பு உப்பு. ரத்தச் சோகை பிடித்த இளம்பெண்களுக்கு இரும்பு உண்மையிலேயே நல்லது. அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கவாதத்தையும் தீர்க்கும் என்று விளம்பரம் போட்டதுதான் வினை. நியூகாசில் மருந்துக்காரர் ஈனோவின் ‘பழ உப்பு’ம் அப்படித்தான். நெஞ்செரிச்சலுக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் நல்ல பொருள், விளம்பரமோ காய்ச்சல்களைத் தடுக்கும் என்றது.

சோப்புக்குள் மருந்து

1853-ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்கலாம். விளம்பர வரி போன அதே ஆண்டில் சோப்பு மீதிருந்த வரியையும் பிரிட்டன் எடுத்துவிட்டது. அதுவரை சோப்பு கொஞ்சம் வசதிபடைத்தவர் பொருள். வரி போனதும் விலை இறங்கியது, ஆலைகள் பெருகின. எல்லாரும் சோப்பு செய்தால் என் சோப்பு மற்றதைவிட எந்த விதத்தில் உசத்தி என்று காட்டியாக வேண்டும். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அழகு, இன்னொன்று மருந்து.

அழகு வழியில் போனது பியர்ஸ். அது மருந்துச் சோப்பே இல்லை. கண்ணாடி போலத் தெரியும் மென்மையான சோப்பு. ஆனால் எராஸ்மஸ் வில்சன் என்ற புகழ்பெற்ற தோல் டாக்டரின் பாராட்டை விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. கம்பெனியின் தாமஸ் பாரட், ஓவியர் மில்லே தன் பேரன் சோப்புக் குமிழி விடுவதாக வரைந்த ஓவியத்தை 1886 வாக்கில் வாங்கி, மூலையில் ஒரு பியர்ஸ் கட்டியைச் சேர்த்து விளம்பரமாக்கினார். அந்தப் பேரன் வளர்ந்து கடற்படையில் அட்மிரல் ஆனார், அப்போதும் ‘குமிழி’ என்ற பட்டப்பெயர் அவரை விடவில்லை. பியர்ஸின் விளம்பரங்களில் அருவருப்பானவையும் உண்டு. கறுப்புக் குழந்தையைக் கழுவினால் வெள்ளையாகும் என்று படம் போட்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியே உலகைக் கழுவிச் சுத்தமாக்கும் காரியம் என்கிற தொனியில் 1899-இல் ஒரு விளம்பரம் வந்தது.

மருந்து வழியில் போனவற்றுக்கு நிலக்கரித் தார்தான் தாய். விளக்கு எரிக்க நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த நகரங்களில் கறுப்புத் தார் கழிவாக மலைபோலக் குவிந்தது. வேதியியலாளர்கள் அதிலிருந்து சாயம் எடுத்தார்கள், கார்பாலிக் அமிலம் எடுத்தார்கள். 1860களில் வில்லியம் வேலண்டைன் ரைட் என்பவர் தாரைச் சுத்தப்படுத்தி ரைட்ஸ் கோல் டார் சோப்பு செய்தார். படை, செதில், அரிப்பு உள்ள தோலுக்குத் தார் கொஞ்சம் பலன் தரும். சோரியாசிஸுக்கு இன்றைக்கும் தோல் டாக்டர்கள் நிலக்கரித் தார் கலந்த ஷாம்பூ எழுதுவதைப் பார்க்கலாம். ஆக இது வெறும் கதையில்லை.

கார்பாலிக்குக்குப் புகழ் தந்தவர் கிளாஸ்கோ அறுவை சிகிச்சை நிபுணர் ஜோசப் லிஸ்டர். 1865-இல் எலும்பு முறிந்து புண்ணான ஒரு சிறுவனின் காலில் கார்பாலிக் தோய்த்த துணியைக் கட்டினார், புண் அழுகாமல் ஆறியது. 1867-இல் அவர் முடிவுகளை வெளியிட்டதும் கார்பாலிக் என்ற சொல்லுக்கே ஒரு மந்திர சக்தி வந்துவிட்டது. மான்செஸ்டரில் கார்பாலிக் அமிலம் தயாரித்துவந்த கால்வர்ட் கம்பெனி கார்பாலிக் சோப்பு, கார்பாலிக் பற்பொடி என்று வரிசையாக இறக்கியது. லீவர் சகோதரர்கள் 1894-இல் லைஃப்பாயைக் கிருமிநாசினிச் சோப்பாக அறிமுகம் செய்தார்கள். அடுத்த ஆண்டே, 1895-இல், அது இந்தியாவுக்குக் கப்பலேறியது. கிராமத்து வீடுகளில் சிவப்புக் கட்டியும் அந்த ஆஸ்பத்திரி வாசனையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தன. 2002-இல்தான் இந்தியாவில் கார்பாலிக்கை விட்டுவிட்டு அதை வழக்கமான குளியல் சோப்பாக மாற்றினார்கள்.

சரி, கார்பாலிக் சோப்பு வேலை செய்ததா? செய்தது, ஆனால் லேபிள் சொன்ன காரணத்தால் அல்ல. லிஸ்டர் புண்ணின் மேல் கார்பாலிக்கை வைத்துக் கட்டினார், அது அங்கேயே ஊறிக்கொண்டிருந்தது. சோப்பில் இருக்கும் கொஞ்சம் கார்பாலிக் அரை நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். வேலையைப் பெரும்பாலும் செய்தது சோப்புதான். தோலில் ஒட்டிய எண்ணெய்ப் பசையைப் பிரித்து, அதோடு அழுக்கையும் கிருமியையும் பெயர்த்து, தண்ணீரில் அடித்துப் போகவிடும் குணம் சாதாரணச் சோப்புக்கே உண்டு. வெறும் சோப்பையும் தண்ணீரையும்விட மேலானவை என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால் கிருமிநாசினிச் சோப்புகளில் போடும் 19 வேதிப்பொருள்களுக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2016-இல் தடை போட்டது. அந்த வாதம் 1894-க்கும் பொருந்தும். என்னைக் கேட்டால், பேட்டன்ட் மருந்துக் கடையிலேயே மக்களுக்கு அதிக நன்மை செய்த பொருள் இந்த மருந்துச் சோப்புதான். அதிலிருந்த மருந்துக்கு அதில் பெரிய பங்கில்லை. நோய் பயத்தில் வாங்கி நாலு தடவை அதிகம் கை கழுவினார்கள், அது பலித்தது.

இதே வழியில் விபரீதமாகப் போனவையும் உண்டு. ஆர்சனிக் சோப்பு என்று ஒன்றை 1890களில் பெண்கள் பத்திரிகைகளில் விற்றார்கள். ஆர்சனிக் என்பது பாஷாணம். முகம் பளிங்கு போல வெளுக்கும், ஆனாலும் தீங்கற்றது என்று ஒரே மூச்சில் சொன்னது விளம்பரம். பாஸ்டனிலிருந்து வந்த குட்டிகுரா, சோப்பு களிம்பு குடிக்கும் மருந்து என்று மூன்றையும் ஒரு தொகுதியாக விற்று, கெட்ட ரத்தத்தால் வரும் தோல் நோய் அத்தனையும் போகும் என்றது. நம் வீடுகளில் குட்டிகுரா பவுடராக மட்டும் மணத்தது.

ஒரு பந்தும் ஒரு வழக்கும்

கார்பாலிக் மோகத்தின் உச்சம் ஒரு ரப்பர் பந்து. கார்பாலிக் ஸ்மோக் பால் என்று பெயர். உள்ளே கார்பாலிக் பொடி இருக்கும். குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அமுக்கினால் பொடி புகை போல ஏறும், மூக்கு ஒழுகும், கெட்டது வெளியேறுகிறது என்று நம்ப வேண்டியதுதான். விலை பத்து ஷில்லிங், ஏழைகளுக்கானது அல்ல. 1889-90-இல் இன்ஃப்ளூயன்சா உலகைச் சுற்றி வந்த பயத்தில் இது நன்றாக விற்றது. 1891 நவம்பரில் கம்பெனி பத்திரிகையில் ஒரு சவால் விட்டது: இரண்டு வாரம், தினம் மூன்று வேளை பந்தைப் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், நம்பிக்கைக்கு அடையாளமாக 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம்.

லூயிசா கார்லில் என்ற பெண்மணி வாங்கினார், சொன்னபடியே பயன்படுத்தினார், 1892 ஜனவரியில் காய்ச்சல் வந்தது. பணம் கேட்டார். கம்பெனி தட்டிக் கழித்தது. ஏமாற்று வேலை இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் தினமும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து எங்கள் செயலாளர் முன்னால் பந்தைப் பயன்படுத்த வேண்டும் என்றெல்லாம் பதில் எழுதியது. நீதிமன்றத்தில் அவர்கள் வாதம், விளம்பரம் என்றால் சும்மா ஊதிவிடுவதுதானே, அதை யார் நிஜமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது. மேல்முறையீட்டு நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1,000 பவுண்டை வங்கியில் போட்டதாகச் சொன்னதே நீங்கள் விளையாடவில்லை என்பதற்குச் சாட்சி, நிபந்தனையை நிறைவேற்றியவருக்குப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று 1892 டிசம்பரில் தீர்ப்பளித்தார்கள். ஊருக்கெல்லாம் பொதுவாக விடுக்கும் அழைப்பும் ஒப்பந்தமாகும் என்பதற்கு இந்த வழக்கை இன்றைக்கும் நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள். கம்பெனி அசரவில்லை. இத்தனை ஆயிரம் பேரில் பரிசு கேட்டு வந்தவர்கள் வெறும் மூன்றே பேர்தான் என்று தோல்வியையே விளம்பரமாக்கி, பரிசை 200 பவுண்டாக உயர்த்திப் புது அறிவிப்பு விட்டது. இந்தத் தடவை நிபந்தனைகளை வக்கீல் வைத்து எழுதியது போலிருந்தது.

இந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் வேலை மெதுவாகவே நடந்தது. அமெரிக்காவில் 1906-இல் உணவு, மருந்துச் சட்டம் வந்து, அபின், மார்ஃபின், ஆல்கஹால் போன்றவை இருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்றது. பிரிட்டனில் 1909-இல் மருத்துவச் சங்கம் மேலே சொன்ன புத்தகத்தை வெளியிட்டபோது, அதற்கு விளம்பரம் போடவே பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன. யார் காசில் பத்திரிகை ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். நாடாளுமன்றக் குழு ஒன்று 1912 முதல் உட்கார்ந்து எல்லாரையும் விசாரித்துக் கடுமையான அறிக்கை தயாரித்தது. அறிக்கையின் தேதி 1914 ஆகஸ்ட் 4. அன்றைக்குத்தான் பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. யார் படிப்பார்கள்? மருந்து முத்திரை வரியை எடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் போடச் சொல்லும் சட்டம் பிரிட்டனில் வந்தது 1941-இல். இந்தியாவில் மருந்துகளுக்கான சட்டம் 1940-இல் வந்தது. அதிசய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-இல் வந்தது. பீச்சம் மாத்திரை மட்டும் தன் போக்கில் 1998 வரை தயாரிப்பில் இருந்தது.